வீல்சேர் போகும் வழி: தர்மபுரி நாட்குறிப்பு

ஜனவரி 4

பனி விலகி வெயில் தலைகாட்டிய பிறகுதான் கிளம்பினோம். தம்பி, தம்பி மனைவி, அக்கா பையன், வீல்சேரில் நான். வாசலிலேயே அவர்களுக்கு ஒரு பாடம் நடத்தினேன். படி ஏற்றும்போது வீல்சேரைத் திருப்பிப் போட்டு, பெரிய சக்கரம் படியை ஒட்டி வரும்படி பின்னாலிருந்து இழுக்க வேண்டும். முன்னால் நிற்கிற ஆள் இரும்புச் சட்டத்தைத்தான் பிடிக்கணும். கை வைக்கும் கட்டையையோ கால்மிதியையோ பிடித்துத் தூக்கினால் அது மட்டும் கழன்று கையோடு வந்துவிடும். செங்குத்தான இறக்கத்திலும் பின்பக்கமாகத்தான் இறக்கணும். இது எதுவும் தெரியாமல் நாலு பேர் அன்போடு ஓடி வருவார்கள் பாருங்கள், எனக்கு அவர்களைக் கண்டால்தான் பயம்.

கோட்டைக் கோயிலுக்குப் போனோம். தெருவில் உருண்ட சக்கரம் செருப்புக்குச் சமம் என்று தம்பி மனைவி தண்ணீர் ஊற்றிக் கழுவி, ஈரத்துணியால் துடைத்தாள். யாரும் சொல்லவில்லை, அவளாகவே செய்தாள். மல்லிகார்ஜுனேஸ்வரர் கோயிலில்தான் அந்தத் தொங்கும் தூண். தரையில் முழுதாகப் பதியாமல் நிற்கிறது. எல்லோரும் குனிந்து இடுக்கைப் பார்த்தார்கள். எனக்காக அக்கா பையன் துண்டின் ஒரு முனையை இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் உருவினான். "சித்தி, பாத்தியா!" என்று ஏதோ அவனே செதுக்கிய மாதிரி ஒரு பெருமை.

ஜனவரி 5

அகழ்வைப்பகத்தில் (தொல்பொருள் அருங்காட்சியகம்) நடுகற்கள். பள்ளிக்கூடத்தில் படித்தபோது வரிசையாக நடந்து, பார்த்தோம் என்று பேர் பண்ணிவிட்டு வந்ததோடு சரி. இன்று ஒவ்வொரு கல்லின் முன்னும் நின்றேன், அதாவது உட்கார்ந்தேன். பல கற்களில் வீரன் என் கண்மட்டத்துக்கே வருகிறான். ஒரு கையில் வில், மறு கையில் குறுவாள், காலடியில் மாடு. ஊர் மாட்டை ஓட்டிப் போக வந்தவர்களோடு சண்டையிட்டு விழுந்தவன். புலியோடு மல்லுக்கட்டிச் செத்தவர்களுக்கும் இந்தப் பக்கம் கல் நட்டிருக்கிறார்கள். பக்கத்தில் வட்டெழுத்து, அந்தக் காலத்துத் தமிழ் எழுத்து. பல்லவர், கங்கர், நுளம்பர் என்று ராஜாக்கள் பேர் வந்தாலும் கல் என்னவோ செத்தவனுக்குத்தான். தம்பி இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து நிமிர்ந்தான். ஒரு முறையாவது எனக்கு வசதியான உயரத்தில் ஊர் இருந்ததே!

பார்க்க வந்திருந்த ஒரு பெரியவர் தம்பியிடம், "இவங்களுக்கு என்ன ஆச்சு?" என்றார். "பக்கத்துலதானே இருக்காங்க, அவங்களையே கேளுங்க" என்றான். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். விபத்து, முதுகுத்தண்டு, அவ்வளவுதான் கதை.

மதியம் சாப்பிடப் போன கடையில் சாய்தளம் இருந்தது. சறுக்குமரம் என்று சொல்வதே பொருத்தம். ஒரு அடி ஏற வேண்டுமானால் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. அங்கே மூன்றடி நீளத்தில் முடித்து மேலே பளபள டைல்ஸும் ஒட்டியிருந்தார்கள். ஆட்டோவில் உட்கார்ந்தே பொட்டலம் பிரித்தோம்.

ஜனவரி 9

அஷ்டமி இல்லாத நாளாகப் பார்த்து அதியமான்கோட்டை காலபைரவர். தேய்பிறை அஷ்டமி என்றால் பூசணி விளக்கேற்ற வரும் கூட்டத்தில் சக்கரம் யார் காலிலாவது ஏறிவிடும். அதியமான் கோட்டத்தையும் பார்த்தோம். நெல்லிக்கனியை ஔவைக்குக் கொடுத்த கதையை அக்கா பையன் எனக்கே சொன்னான். தகடூர்க்காரிக்கு! தர்மபுரியின் பழைய பேரே தகடூர்தான், அதியமானின் ஊர். வெயில் ஏறி வீல்சேர்க் கம்பி சுட ஆரம்பித்தது. காலில் உணர்வு இல்லாதவளுக்குச் சூடு பட்டாலும் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். சீக்கிரமே திரும்பிவிட்டோம்.

ஜனவரி 18

ஒகேனக்கல். பொங்கல் கூட்டம் வடியட்டும் என்று காத்திருந்தோம். பென்னாகரம் தாண்டி மலைப்பாதை முழுக்க, நேராக உட்கார இரண்டு கையையும் ஊன்றியபடியே வந்தேன். காலையிலிருந்து தண்ணீரை மடக்கு மடக்காக அளந்துதான் குடித்தேன். போகிற இடத்தில் வீல்சேர் நுழைகிற கழிப்பறை கிடைத்தால் அன்றைக்கு யோகம்.

ஆற்றில் வரத்து அதிகமானால் பரிசலுக்குத் தடை போட்டுவிடுவார்கள். இன்று ஓடியது. பரிசல்கார அண்ணன் தம்பியைப் பார்க்கவே இல்லை. நேராக என்னிடம், "எந்தப் பக்கம் தாங்கிப் பிடிக்கணும்மா?" என்று கேட்டார். இத்தனை நாளில் இப்படிக் கேட்ட முதல் ஆள். முதுகுக்குப் பின்னால் ஒருவர், தொடைக்கடியில் ஒருவர் என்றேன். சொன்னபடியே தூக்கி, நடுவில் என் மெத்தையைப் போட்டு உட்காரவைத்தார்கள். லைஃப் ஜாக்கெட்டின் வாரை நானே மாட்டிக்கொண்டேன். தம்பி மனைவி என் முதுகுக்குத் தன் முதுகை முட்டுக் கொடுத்தாள். பாறைச் சுவர்களுக்கு நடுவில் போய் அவர் பரிசலைச் சுழற்றியபோது கத்தியது நான் இல்லை, தம்பி.

கரைக்கு வந்தால் என் வீல்சேரில் யாரோ ஒரு பாட்டி உட்கார்ந்து மீன் வறுவல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காவலுக்கு விட்டுப்போன அக்கா பையன் பக்கத்துப் பாறையில், அவன் கையிலும் மீன். "கால் வலிக்குதுன்னாங்க சித்தி" என்றான். முள் பார்த்துச் சாப்பிடுகிறவரை எழுப்புவானேன்! எனக்கும் ஒன்று வாங்கி வரச் சொன்னேன்.