தண்ணி லாரியும் விண்வெளிச் சண்டையும்

மே 6, 2025, செவ்வாய்

செவ்வாய்ப்பேட்டை வீட்டுத் திண்ணையில் செவ்வாய்க்கிழமை உட்கார்ந்து செவ்வாய் கிரகத்துப் போர்க்கப்பல்களைப் பற்றிப் படிப்பவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். 2011இல் வந்த ‘லெவியத்தன் வேக்ஸ்’ என்ற இங்கிலீஷ் விண்வெளி நாவல். மூன்றாவது முறை படிக்கிறேன். பிளஸ் டூ எழுதிவிட்டுச் சும்மா இருக்கும் அக்கா பையன், “சண்டை நிறைய இருக்கணும் மாமா, அட்வைஸ் இருக்கக் கூடாது” என்று புத்தகம் கேட்டிருந்தான். அவனுக்குத் தருமுன் ஒரு புரட்டு.

அட்டையில் ஜேம்ஸ் எஸ். ஏ. கோரி என்றிருக்கும். அப்படி ஓர் ஆளே கிடையாது. டேனியல் ஆபிரகாம், டை ஃபிராங்க் இருவருக்கும் சேர்த்து ஒரே புனைபெயர்.

மே 8, வியாழன்

குழாயில் தண்ணீர் வந்து ஆறு நாள். லாரிக்காகக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு நின்றபோது அம்மாவுக்குக் கதை சொன்னேன். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் குறுங்கோள்களில் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். அவர்களுடைய தண்ணீருக்காகச் சனிக் கிரகத்து வளையத்திலிருந்து பனிக்கட்டி ஏற்றிவரும் பழைய கப்பல் ஒன்று, யாரோ ஆபத்தில் கூப்பிடுகிறார்கள் என்று உதவப் போகிறது. அதை அடித்து நொறுக்கிவிடுகிறார்கள்.

“தண்ணி லாரியை அடிச்சா ஊரு சும்மா இருக்குமா?” என்றார் அம்மா.

இருக்கவில்லை. பூமி, செவ்வாய், குறுங்கோள்காரர்கள் என்று மூன்று தரப்பும் கிளம்பிவிடுகின்றன. ராஜா, இளவரசி, ஒளிவாள் எதுவும் இல்லாமல் ஒரு தண்ணீர்ச் சண்டையில் தொடங்குவதால்தான் எனக்கு இந்தக் கதை பிடித்தது.

மே 11, ஞாயிறு

பையனோடு ஏற்காடு. பஸ்ஸில் நிற்கத்தான் இடம். 20 கொண்டை ஊசி வளைவிலும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தோம். ஆறாவது வளைவில், “கப்பல் வேகமெடுக்கும்போது இதே கதைதான்டா” என்று ஆரம்பித்தேன். புவியீர்ப்பைப் போல ஐந்து மடங்கு முடுக்கத்தில் போனால், 62 கிலோ இருக்கும் நான் 310 கிலோ கனத்தோடு இருக்கையில் அமுங்கிக் கிடப்பேன். மூச்சிழுக்கவே மல்லுக்கட்ட வேண்டும். இந்த நாவலில் ஆட்கள் மயங்காமல் இருக்க மருந்தை ஏற்றிக்கொண்டுதான் ஏவுகணையிடமிருந்து ஓடுகிறார்கள். எதிரியின் குண்டு வந்து சேருமுன் சொந்தக் கப்பலின் வேகமே ஆளைக் கொன்றுவிடலாம். ஒவ்வொரு துரத்தலிலும் இந்தக் கணக்கு ஓடிக்கொண்டே இருப்பதால் பக்கம் பறக்கிறது.

ஏரியில் படகுக்கு வரிசை நீளம். பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு இறங்கிவிட்டோம்.

மே 14, புதன்

பையனுக்கு இங்கிலீஷ் முதலில் இடறியதாம். ஹோல்டன் என்ற கப்பல்காரனுக்கு ஓர் அத்தியாயம், மில்லர் என்ற போலீஸ்காரனுக்கு ஓர் அத்தியாயம் என்று மாறி மாறி வருவதால் பிடித்துக்கொண்டான். மில்லர்தான் அவன் கட்சி. நானும்தான். பாதிக்கு மேல் கொஞ்சம் பேய்க்கதை வாடை அடிக்கும். அது எனக்கு ஒட்டவில்லை. அவனுக்கோ அதுதான் உசத்தி. சரி, வயசு.

இந்தக் கதை வரிசையில் மொத்தம் ஒன்பது நாவல், கடைசி 2021இல் வந்தது என்றேன். “ஒன்பதா!” என்றவன், இரண்டாவதை இன்றைக்கே கேட்கிறான். என்னிடம் இருப்பது மூன்றாவது. இரண்டாவதை இரவல் வாங்கிப்போனவர் யாரென்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.