ஜூலை ஒன்று வரை

மே 27, 2024, திங்கள்

ஜூலை ஒன்றுக்குள் அம்மாவும் நானும் இந்த வீட்டைக் காலி செய்ய வேண்டும். மாண்ட்ரியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியிலேயே வேறு வீடு தேடுகிறோம். கெர்ப் அவென்யூ வீடும் போய்விட்டது. தொலைபேசியில் பேசியவர் முதலில் பெயரைக் கேட்டார், பிறகு எத்தனை பேர் என்றார், பிறகு வீட்டைக் கொடுத்தாயிற்று என்றார். விளம்பரம் இரவுவரை அப்படியே இருந்தது.

மே 29, புதன்

அண்ணா மறுபடியும் பக்கத்து நகரமான லவாலில் தன் வீட்டுக்கு வரச் சொல்கிறார். பேஸ்மென்ட் சும்மாதான் கிடக்கிறதாம். அம்மா பதில் சொல்லாமல் தொலைபேசியை என்னிடம் நீட்டினார்.

அங்கே கார் இல்லாமல் கடைக்குப் போக முடியாது. இங்கே அம்மா தனியாக ஜான் தலோன் தெருவில் இறங்குகிறார். வங்காளிக் கடையில் செவுளை விரித்துக் காட்டச் சொல்லி, வால் பக்கம் வேண்டாம் என்று கையால் சொல்லி, மீன் வாங்கி வருகிறார். மருந்துக்கடையில் இருக்கும் பஞ்சாபிப் பெண்ணுக்கு அம்மாவின் மாத்திரை என்ன நிறம் என்பதுகூடத் தெரியும். பிரெஞ்சில் ஒரு சொல் தெரியாமல் அம்மா இந்த நகரத்தில் நிமிர்ந்து நடப்பது பார்க் எக்ஸ்டென்ஷனின் இந்தச் சில தெருக்களில்தான். அதற்காகத்தான் இவ்வளவு அலைச்சல்.

ஜூன் 2, ஞாயிறு

ஒரு மூன்றரை பார்த்தோம். மூன்று அறை, குளியலறைக்கு அரை, இங்கே வீட்டை அப்படித்தான் எண்ணுவார்கள். குளியலறைக் கூரையில் பூஞ்சணம். மேலே வெள்ளை அடித்து மறைத்திருந்தார்கள். இரண்டு மாத வாடகையை முன்பணமாக, ரொக்கமாகத் தர வேண்டுமாம். முதல் மாத வாடகைக்கு மேல் எதையும் முன்கூட்டிக் கேட்கக் கியூபெக் மாகாணச் சட்டத்தில் இடமில்லை என்றேன். வீட்டைக் காட்டியவர் எனக்குப் பின்னால் நின்ற மாணவர்களைப் பார்த்தார். வரிசை படிக்கட்டுவரை இருந்தது.

தண்டவாளத்துக்குத் தெற்கே மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தின் புதிய வளாகத்தை 2019-இல் திறந்தார்கள். அந்தப் பிள்ளைகள்மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களுக்கும் கூரை வேண்டும்.

ஜூன் 4, செவ்வாய்

யாரும் அழைக்கவில்லை.

ஜூன் 7, வெள்ளி

நேற்றுச் சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறிவிட்டது. வருமானம் குறைந்த முதியவர்களை வீட்டை விட்டு எழுப்பக்கூடாது என்ற பாதுகாப்பு இனி 70 வயதுக்குப் பதில் 65 வயதிலேயே கிடைக்கும். ஆனால் அதே வீட்டில் பத்து ஆண்டுகள் இருந்திருக்க வேண்டும். அம்மாவுக்கு 68 வயது. இந்த வீட்டுக்கு வந்து ஒன்பது ஆண்டுகள்.

மகனுக்கு வீடு வேண்டும் என்று வீட்டுக்காரர் டிசம்பரிலேயே நோட்டீஸ் கொடுத்துவிட்டார். ஆறு மாத அவகாசம், எழுத்தில், எல்லாம் முறைப்படி. குறை சொல்ல ஒன்றுமில்லாததுதான் நெஞ்சை அடைக்கிறது.

ஜூன் 9, ஞாயிறு

ஸ்டூவர்ட் அவென்யூ. நாலரை, முதல் மாடி. வெளிப்படிக்கட்டு செங்குத்து இல்லை. அம்மா ஒரே ஒரு முறைதான் நின்றார். கீழே வீட்டுக்காரப் பாட்டி இருக்கிறார், கிரேக்கர். பின்முற்றத்தில் அவருடைய திராட்சைப் பந்தல். பாட்டி இளம் இலைகளாகப் பார்த்துக் கிள்ளி, காம்பை நகத்தால் நறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அம்மாவின் கையில் வைத்தார். அவர் கிரேக்கத்தில் சமையல் சொல்ல, அம்மா தமிழில் சந்தேகம் கேட்க, இருவருக்கும் எல்லாம் விளங்கியது. கறிவேப்பிலைத் தொட்டியைக் கொண்டு வருகிறேன் என்று அம்மா வாக்கே கொடுத்துவிட்டார்.

சின்ன அறையின் கதவுச் சட்டத்தில் பென்சில் கோடுகள். ஒரு பிள்ளையின் உயரம். கோடுகளின் பக்கத்தில் வங்காள எழுத்துகள். கடைசிக் கோடு என் இடுப்புக்கு மேலே.

வாடகை 1,550 டாலர். முன்பு இருந்த இவர்கள் எவ்வளவு கொடுத்தார்கள்? ஏன் போனார்கள்?

ஜூன் 12, புதன்

லீஸ் படிவத்தில், அதாவது வாடகை ஒப்பந்தத்தில், ஜி பகுதி என்று ஒன்று இருக்கிறது. கடந்த 12 மாதங்களில் அந்த வீட்டுக்கு வாங்கிய மிகக் குறைந்த வாடகையை வீட்டுக்காரர் அதில் எழுத வேண்டும். பாட்டியின் மகன் காட்டிய படிவத்தில் அந்த இடம் வெறுமையாக இருந்தது.

கேட்டால் வீடு போய்விடும். கேட்காவிட்டால்? இரவு முழுவதும் இதே நினைப்பு. நான் வாய் திறக்காமல் 1,550-க்குக் கையெழுத்துப் போட்டால், அடுத்து வரும் குடும்பத்தின் படிவத்தில் அந்தத் தொகைதான் நிற்கும். அதற்குமேல்தான் அவர்களுக்கு ஏற்றுவார்கள். இந்த வட்டாரத்தின் வாடகை இப்படி ஒவ்வொருவர் பயத்தின் மேலேதான் ஏறியிருக்கிறது. நினைக்க நினைக்கத் தூக்கம் வரவில்லை.

ஜூன் 15, சனி

அம்மாவோடு அக்காடி பெருந்தெருவில் நடந்தேன். எதிர்ப்பக்கம் வசதியானவர்கள் வாழும் மவுன்ட் ராயல் நகரத்தின் கம்பி வேலி, 1960-இல் போட்டது. செடி வளர்ந்து மூடியிருக்கிறது. வேலிக்கு அப்பால் வீடுகள் தள்ளித் தள்ளி, புல்வெளியோடு. “அங்கே யாருமே வெளியில் இல்லையே பிள்ளை” என்றார் அம்மா.

ஜூன் 18, செவ்வாய்

சேன் ரோக் தெருவில், வாடகைக்கு இருப்பவர்களுக்கு உதவும் குழுவுக்குப் போனேன். முன்னால் ஒரு ஹைட்டிப் பெண்மணி, மடியில் குழந்தை, கையில் என்னுடையதைப் போலவே ஒரு நோட்டீஸ். குழுவில் வேலை செய்யும் பெண் பொறுமையாகச் சொன்னார்: ஜி பகுதியை நிரப்பச் சொல்வது என் உரிமை. கையெழுத்துப் போட்டுப் படிவத்தை வாங்கியபின் பத்து நாட்களுக்குள் வாடகையை நிர்ணயிக்கும்படி வீட்டு வாடகைத் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். அதற்காக வீட்டுக்காரர் லீஸை ரத்துச் செய்ய முடியாது.

அம்மாவிடம் சொன்னேன். “இலை கிள்ளித் தந்தவள் மேல் வழக்கா?”

ஜூன் 20, வியாழன்

வழக்கு இல்லை அம்மா, நிர்ணயம். எத்தனை முறை சொல்வது.

ஜூன் 22, சனி

கையெழுத்தாகிவிட்டது. ஜி பகுதியை நிரப்பித் தரும்படி நேராகவே கேட்டேன். குரல் நடுங்கியது. மகன் முகம் சுருங்கியது. பாட்டிதான் பேனாவை வாங்கி, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு எழுதினார்: 980.

ஒரே தாவலில் 570 டாலர்.

ஜூன் 28, வெள்ளி

பெட்டிகள். அடுப்பும் குளிர்சாதனப் பெட்டியும் நம்முடையவை, அவற்றையும் இறக்க வேண்டும். ஜூலை 1 ஊரே வீடு மாறும் நாள் என்பதால் வேன்காரர் மும்மடங்கு கேட்கிறார். வீடு கிடைக்காதவர்கள் 311-ஐ அழைக்கலாம் என்று வானொலியில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அந்த ஹைட்டிப் பெண்மணிக்குக் கிடைத்ததா?

ஜூலை 1, திங்கள்

ஊர் முழுக்கச் சாமான் நடைபாதையில். நல்ல சோபா ஒன்றைப் பார்த்து அம்மா நின்றார். மூட்டைப்பூச்சி இருக்கும் என்று இழுத்துவந்தேன். அடுப்பைத் தூக்க அண்ணாவோடு பக்கத்து வீட்டுப் பாகிஸ்தானிப் பையன்கள் இருவர் கேட்காமலே வந்தார்கள்.

கறிவேப்பிலை கீழே பந்தலருகே இறங்கிவிட்டது.

மனுவை நிரப்பிவிட்டேன். நாளை கடைசி நாள். லீஸ் இருவர் பெயரிலும் இருப்பதால் அம்மாவின் கையெழுத்தும் வேண்டும். காலையில் தேநீருக்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.