டொரிஸ் டேயும் எங்கள் ஆங்கில ஆசிரியரும்

உச்சரிப்பு திருந்த வேண்டுமென்றால் அமெரிக்கப் பாடகி டொரிஸ் டேயின் பாட்டைக் கேளுங்கள் என்பார் எங்கள் ஆங்கில ஆசிரியர். மற்றவர்கள் சொல்லை மென்று விழுங்குகிறார்கள், இந்தப் பெண்பிள்ளை ஒவ்வொரு எழுத்தையும் உடையாமல் தருகிறாள் என்பது அவர் வாதம். விடுதிப் பொடியங்களுக்கு வேறென்ன வேண்டும்? இலங்கை வானொலியின் ஆங்கில சேவையில், நடப்பது நடக்கட்டும் என்று அவர் பாடும் 'கே சரா சரா' போனால், படிப்பு என்ற பெயரில் பெட்டியைச் சுற்றிக் கூடிவிடுவோம். 1957இல் வந்த 'ஆரவல்லி'யில் ஜிக்கியும் ஏ. எம். ராஜாவும் பாடிய 'சின்னப் பெண்ணான போதிலே' அதே மெட்டு. பாதிப் பேர் தமிழிலேயே சேர்ந்து பாட, ஆசிரியர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

'கே சரா சரா' இடம்பெற்ற, இயக்குநர் ஹிட்ச்கொக்கின் 1956ஆம் ஆண்டுப் படத்தை லண்டனுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். தாலாட்டு மாதிரி என்று நினைத்திருந்த பாட்டுக்கு அங்கே வேறு வேலை. கடத்தப்பட்ட மகன் தூதரக மாடியில் அடைபட்டிருக்கிறான். தாயாக நடிக்கும் டொரிஸ் கீழே விருந்தினர் முன்னால் பியானோவில் அமர்ந்து, நாகரிகத்துக்கு மிஞ்சிய சத்தத்தில் பாடுகிறாள். வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். கமெரா படிக்கட்டு வழியே மேலே போகப் போகக் குரல் மெலிகிறது. மாடியில் பையனுக்கு அது கேட்டுவிடுகிறது. அவன் விசிலடித்துப் பதில் சொல்கிறான். குழந்தைப் பாட்டு என்று இதை டொரிஸ் முதலில் ஒதுக்கப் பார்த்தாராம். பாட்டை உருவாக்கிய லிவிங்ஸ்டன், எவன்ஸ் இருவருக்கும் ஒஸ்கார் கிடைத்தது.

சின்சினாட்டியில் பிறந்த டொரிஸ் கப்பெல்ஹொஃப் பாடகியாக நினைத்தவரே இல்லை. நடனம்தான் அவருக்கு எல்லாம். 1937இல், 15 வயதில், போய்க்கொண்டிருந்த காரை ரயில் மோதி வலது கால் நொறுங்கியது. படுக்கையில் கிடந்தபடி வானொலியில் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டைக் கேட்டுக் கூடவே பாடிப் பழகினார். அப்புறம் இசைக்குழுக்கள். நீளமான குடும்பப் பெயர் விளம்பரப் பலகைக்கு ஒத்துவராது என்று இசைக்குழுத் தலைவர் பார்னி ராப் அதை 'டே' ஆக்கினார். 1945இல் லெஸ் பிரவுன் குழுவோடு பாடிய 'சென்டிமென்டல் ஜேர்னி' போர்முனையிலிருந்து வீடு திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களின் பாட்டாகிவிட்டது. 1948இல் முதல் படம். நடிகர் ரொக் ஹட்சனோடு நடித்த 'பிலோ டோக்' 1959இல் அவருக்கு ஒரேயொரு ஒஸ்கார் பரிந்துரையை வாங்கித் தந்தது.

எப்போதும் சிரித்த முகம், பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று அவரைக் கேலி செய்தவர்கள் அந்த நாளிலேயே நிறைய. எனக்கு அந்தக் கேலியில் உடன்பாடில்லை. 1968இல் கணவர் மார்ட்டின் மெல்ச்சர் இறந்த பிறகுதான், அவரும் சட்டத்தரணியும் பார்த்துக்கொண்ட தன் சம்பாத்தியம் முழுவதும் கரைந்து, மேலே கடனும் ஏறியிருப்பது டொரிஸுக்குத் தெரிந்தது. தன்னைக் கேட்காமலே கணவர் ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு ஒப்புக்கொண்டிருந்ததும் அப்போதுதான் வெளியே வந்தது. சரி என்று அந்தத் தொடரில் 1973 வரை நடித்தார். தொடக்கப் பாட்டு எது தெரியுமா? அதே 'கே சரா சரா'. இன்னொரு பக்கம் சட்டத்தரணி மேல் வழக்கு. 1974இல் நீதிமன்றம் 2 கோடியே 20 லட்சம் டொலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது. கைக்கு வந்தது அதைவிடக் குறைவுதான். நடப்பது நடக்கட்டும் என்று உலகத்துக்கே பாடியவர், தன் காசு விஷயத்தில் அப்படி விடவில்லை!

கடைசிக் காலம் கலிபோர்னியாவின் கார்மலில், நாய்களோடு. 1985இல் அவருடைய செல்லப்பிராணி நிகழ்ச்சிக்கு ரொக் ஹட்சன் எலும்பும் தோலுமாக வந்து நின்றார். எயிட்ஸ் என்று அப்போது வெளியே தெரியாது. டொரிஸ் அவரைக் கட்டியணைத்து வரவேற்றார். அக்டோபரில் ஹட்சன் போய்விட்டார். 2004இல் அமெரிக்க ஜனாதிபதி சுதந்திரப் பதக்கம் அறிவித்தபோது, விமானப் பயத்தால் டொரிஸ் வாங்கவே போகவில்லை.

2019 மே மாதம் அவர் காலமானபோது வயது 97. அதற்கு இரண்டு வருடம் முன்புவரை தான் 1924இல் பிறந்ததாகவே சொல்லிவந்தார். ஒரு செய்தி நிறுவனம் பிறப்புச் சான்றிதழைத் தேடியெடுத்து 1922 என்று காட்டியது. பள்ளியில் சேர்க்க வயதைக் குறைத்துப் பதிந்த நம் வகுப்புக்காரர் சிலர் இதைப் படித்துச் சிரிப்பார்கள். பெயர் சொல்லமாட்டேன், பழைய மாணவர் சங்கக் கூட்டத்துக்கு நான் இன்னும் போய்வர வேண்டும்.