தோல் உரித்த நாற்காலி

பளபளப்பில் மயங்கி ஒரு லெதர் சுழல் நாற்காலி வாங்கினேன், இரண்டே வருடத்தில் கை வைக்கும் இடம் செதில் செதிலாக உரிந்து சட்டையெல்லாம் கறுப்புத் துகள். அப்புறம்தான் தெரிந்தது, அது பாண்டட் லெதராம், அதாவது தோல் கழிவை அரைத்துப் பசையோடு சேர்த்துத் துணியில் ஒட்டி, மேலே பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பூசியது. இந்த முறை மெத்தையின் ஜிப்பைத் திறந்து உள்பக்கத்தையே பார்த்துவிட்டேன். நிஜத் தோல் என்றால் அடியில் சொரசொரவென்று நார் தெரியும், துணி நெசவு தெரிந்தால் பேசாமல் அடுத்த நாற்காலிக்குப் போய்விடலாம். கீழே ஐந்து கால், சாய்ந்து திரும்பினாலும் எளிதில் கவிழாது. டைல்ஸ் தரைக்கு மெத்தென்ற சக்கரம். உட்கார்ந்தால் பாதம் தரையில் முழுசாகப் படியணும், போன தடவை இதைக்கூடப் பார்க்காமல்... சரி விடுங்கள். பழுப்பு நிறம் எடுத்திருக்கிறேன், பூனை இன்னும் நகம் வைக்கவில்லை.