என்னையும் ‘பாம்’ என்றார்கள்

அம்மாவிடம் போனில் விளையாட்டாகச் சொன்னது வினையாகிவிட்டது. “இங்கே எங்களையெல்லாம் பாம்னு கூப்பிடுறாங்கம்மா” என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாக, “பாமா? போலீஸ்ல சொன்னீங்களா?” என்று கேட்டாள். மகள் கண்காணாத தேசத்தில் வெடிகுண்டு என்று பேர் வாங்கிவிட்டாளே என்று இரண்டு நாள் அம்மா சரியாகச் சாப்பிடவில்லையாம். பாளையங்கோட்டையிலிருந்து தம்பி கூப்பிட்டுத் திட்டினான்.

‘பாம்’ என்பது ஆஸ்திரேலியர்கள் இங்கிலாந்துக்காரர்களுக்கு வைத்த பட்டப்பெயர். கொஞ்சம் கேலி, கொஞ்சம் பாசம், சொல்லுகிற ஆளைப் பொறுத்து. மாதுளம்பழத்தின் ஆங்கிலப் பேரிலிருந்து வந்தது என்கிறார்கள் அகராதிக்காரர்கள். இந்த ஊர் வெயிலில் வெள்ளைக்காரர் முகம் அப்படித்தான் ஆகிறது. என் முகம் எந்த வெயிலிலும் மாதுளை ஆகாது. ஆனாலும் ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கு வந்த மூன்றாவது வாரமே நான் பாம்.

2005-இல் நர்ஸ் வேலைக்காக இங்கிலாந்தின் லெஸ்டர் நகருக்குப் போனவள் நான். பதினான்கு வருடம் அங்கே. பிள்ளைகள் இரண்டும் அங்கேதான் பிறந்தன. 2013-இல் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டும் வந்தது. “சரி, உண்மையிலே எந்த ஊர்?” என்ற கேள்வி மட்டும் நிற்கவில்லை. பஸ்ஸில், வார்டில், பள்ளிக்கூட வாசலில் எங்கேயாவது யாராவது கேட்பார்கள். அந்த ஊரில் ஒருவர்கூட என்னை இங்கிலீஷ்காரி என்று சொன்னதில்லை. நானும் சொல்லிக்கொண்டதில்லை.

வீட்டுக்காரருக்குச் சுரங்கத் தொழிலில் வேலை கிடைத்து, 2019 பிப்ரவரியில் கிளம்பினோம். லண்டனிலிருந்து பெர்த்துக்கு நேரடி விமானம் ஓட ஆரம்பித்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. எங்கும் இறங்காமல் பதினேழு மணி நேரம். குளிர்கோட்டோடு ஏறி, வெயிலில் போய் இறங்கினோம். சாமான்கள் கப்பலில் வந்தன. கப்பலில் ஏற்றுவதற்கு முன் சைக்கிள் சக்கரம், பையனின் கால்பந்து ஷூ, தோட்டத்து மண்வெட்டி எல்லாவற்றையும் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினோம். வெளிநாட்டு மண் ஒரு துளி ஒட்டியிருந்தாலும் இங்கே விடமாட்டார்கள். அந்த இரவு பாத்ரூமில் உட்கார்ந்து பதினான்கு வருட லெஸ்டர் மண்ணை வடிகாலில் அனுப்பியது இப்போது யோசித்தால் ஒரு மாதிரி இருக்கிறது. அப்போது முதுகுவலிதான் பெரிதாகத் தெரிந்தது.

நாங்கள் குடியேறியது பெர்த்துக்கு வடக்கே, ஜூண்டலப் பக்கம். கடைக்குப் போனால் பாதிப் பேர் பேச்சில் எசெக்ஸ், லங்காஷயர், கிளாஸ்கோ. இந்த நாட்டில் வெளியே பிறந்தவர்களில் அப்போது முதலிடம் இங்கிலாந்தில் பிறந்தவர்களுக்குத்தான். 2021 கணக்கெடுப்பில் 9 லட்சத்துக்கும் மேல். அதனால் வருவதற்கு முன்பே எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: அதே மொழி, அதே ராணி, கார்கூட அதே இடது பக்கம், உங்களுக்கென்ன கஷ்டம்?

கஷ்டமே அதுதான். திருநெல்வேலியிலிருந்து லெஸ்டர் போனபோது எல்லாமே புதுசு என்று தெரியும், அதனால் கவனமாக இருந்தேன். இங்கே எல்லாம் தெரியும் என்ற நினைப்பில் நடந்ததால்தான் கால் இடறியது.

வந்த வாரம் படுக்கை விரிப்பு வாங்க ஒரு பெரிய கடைக்குப் போனோம். மேலே ‘மான்செஸ்டர்’ என்று பெரிய பலகை. வீட்டுக்காரர் மான்செஸ்டர் யுனைடெட் பைத்தியம். பையனைத் தூக்கிக்கொண்டு ஓடினார், பார்த்தால் வரிசையாகத் தலையணை உறை. ஒரு காலத்தில் பருத்தித் துணியெல்லாம் மான்செஸ்டர் மில்லிலிருந்து கப்பலில் வந்தது, மூட்டையில் இருந்த ஊர்ப் பேரே துணிக்கும் பேராகிவிட்டதாம். அந்த மான்செஸ்டரிலேயே யாரும் போர்வையை மான்செஸ்டர் என்பதில்லை. அந்தப் போர்வைக்குள் திணிக்கிற மெத்தைக்கு அங்கே டூவே, இங்கே டூனா. கோர்ஜெட் என்று கேட்டால் காய்கறிக்கடைப் பெண் முழிக்கிறாள், அது இங்கே ஸுக்கினி.

ஆஸ்பத்திரியில் நடந்தது இதைவிட மோசம். எண்பது வயதுப் பெரியவர் ஒருவர், இடுப்பு ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள், கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, “சிஸ்டர், என் தாங்ஸ் எங்கே?” என்றார். இங்கிலாந்தில் அந்தச் சொல்லுக்குக் கயிறு மாதிரி ஓர் உள்ளாடை என்று அர்த்தம். மயக்க மருந்து இன்னும் தெளியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்று என்ன கிழமை, நாட்டின் பிரதமர் யார் என்று கேட்க ஆரம்பித்துவிட்டேன். அவர் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்லிவிட்டு மறுபடியும் தாங்ஸ் கேட்டார். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துச் சிரித்துத் தையல் பிரிந்துவிடும்போல் ஆகிவிட்டது. ஹவாய் செருப்பு! கட்டிலுக்கு அடியில் நீல வார் போட்ட ஹவாய் செருப்பு கிடந்தது. நம் ஊரில் எல்லார் வீட்டு வாசலிலும் கிடக்குமே, அதே.

ஜூன் வந்தது. பெர்த்தில் குளிர்காலம் என்றால் சிரிப்பாக இருந்தது, ராத்திரிகூட எட்டு பத்து டிகிரிதான். ஆனால் லெஸ்டரில் குளிர் வெளியே நிற்கும், வீட்டுக்குள்ளே அறைக்கு அறை ரேடியேட்டர். இங்கே வீடு வெயிலை நினைத்தே கட்டியது. ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், கதவுக்கு அடியில் விரற்கடை இடைவெளி, காலை வைத்தால் சுரீர் என்கிற டைல்ஸ் தரை. பனி கொட்டுகிற தேசத்தில் பதினான்கு வருடம் இருந்தவள், பெர்த் சமையலறையில் குல்லாவும் சாக்ஸும் போட்டுக்கொண்டு தோசை ஊற்றினேன். மாவு புளிப்பதற்கே இரண்டு நாள்.

அந்தக் கோலத்தில்தான் பக்கத்து வீட்டம்மா என்னை முதலில் சரியாகப் பார்த்தார். அதுவரை வேலிக்கு மேலே தலையசைப்புதான். அன்று அவருடைய குப்பைத்தொட்டியையும் சேர்த்து நான் தெருவுக்கு இழுத்து வைத்திருந்தேன். நன்றி சொன்னார். லெஸ்டரில் ஒட்டிக்கொண்ட பழக்கம், என் வாயிலிருந்து தானாக வந்தது: “பரவாயில்லை, மி டக்.”

லெஸ்டர், டார்பி, நாட்டிங்ஹாம் பக்கத்தில் பஸ் டிரைவரிலிருந்து காய்கறிக்காரர்வரை எல்லோரும் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். டக் என்றால் வாத்து. நம் ஊர் ‘ராசா’, ‘தாயி’ மாதிரி. இங்கிலாந்திலேயே லண்டன் ஆளிடம் சொன்னால் ஒரு மாதிரி பார்ப்பான்.

அந்தம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். “இன்னொரு தடவை சொல்லு.” சொன்னேன். அவர் டார்பிக்காரர். 1965-இல், பதினான்கு வயதில் கப்பலேறி வந்தவர். அவர் அம்மா இறந்த பிறகு இந்த ஊரில் அவரை யாரும் டக் என்று கூப்பிட்டதில்லையாம். இப்போது குல்லா போட்ட ஒரு பாளையங்கோட்டைக்காரி கூப்பிட்டிருக்கிறாள். “இவ்வளவு நாள் பக்கத்திலே ஒரு பாம் இருந்தும் தெரியலையே!” என்றார். அன்று மாலையே ஒரு சுடுதண்ணீர்ப் பை கொண்டுவந்து கொடுத்தார். இந்த வீடுகளுக்கு ஹீட்டரைவிட அதுதான் லாயக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். உண்மைதான்.

அவர்கள் வந்தது பத்து பவுண்டு திட்டத்தில். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு ஆஸ்திரேலியாவுக்கு ஆள் வேண்டியிருந்தது. பிரிட்டனிலிருந்து வருகிற பெரியவர் ஒருவருக்கு பத்து பவுண்டு, பிள்ளைகளுக்கு இலவசம், மீதிக் கப்பல் கட்டணம் அரசாங்கத்துடையது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படி வந்தார்கள். பின்னாளில் பிரதமரான ஜூலியா கில்லார்டின் குடும்பமும் 1966-இல் வேல்ஸிலிருந்து இப்படித்தான் வந்தது. பக்கத்து வீட்டம்மாவின் அப்பா டார்பி ரயில்வே பணிமனையில் இருந்தவர், இங்கே மிட்லண்ட் ரயில்வே பணிமனையில் சேர்ந்தார். முதல் சில மாதம் பாயின்ட் வால்ட்டர் முகாமில் வாசம். தினமும் ஆட்டுக்கறி, அம்மாவுக்கு தினமும் அழுகை. இரண்டு வருடத்துக்குள் திரும்பிப் போனால் வந்த கட்டணத்தைக் கட்டவேண்டும் என்பது ஒப்பந்தம், அதனால் காலண்டரில் நாளை அடித்துக்கொண்டே இருந்தாராம். இரண்டு வருடம் முடிந்த அன்று பார்த்தால், பிள்ளைகள் கடலிலிருந்து வெளியே வர மறுக்கின்றன. அந்தக் காலத்தில் வந்தவர்களில் கால்வாசிப் பேர் திரும்பிப் போனார்கள், போனவர்களில் நிறையப் பேர் மனசு கேட்காமல் மறுபடியும் வந்தார்கள். அவர்களுக்கு ‘பூமராங் பாம்’ என்று தனிப் பேர்.

“நீங்களும் அப்பவே வந்திருக்கலாமே, மலிவா இருந்ததே” என்றார் ஒரு நாள், டீ குடித்துக்கொண்டே. கிண்டலில்லை, யோசிக்காமல் சொன்னது. 1965-இல் இந்த நிறத்துக்குக் கதவு திறந்திருக்கவில்லை என்றேன். வெள்ளை ஆஸ்திரேலியா கொள்கை முழுசாகப் போனது 1973-இல்தான். கப்பைக் கீழே வைத்தார். “ஆமாம், எங்களுக்கு அது கண்ணிலேயே படலை” என்றார். நான் இன்னொரு கப் ஊற்றினேன். வேறு என்ன செய்வது?

மற்றதெல்லாம் போகப் போகப் பழகிவிட்டது. மெடிகேர் என்கிற அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டை சீக்கிரம் வந்தது, ஆனால் ஆம்புலன்ஸ் செலவு அதில் சேராது என்பதைப் பிரிட்டனிலிருந்து வருகிறவர்கள் பில் வந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். வந்ததும் அதற்குத் தனியாகக் காப்பீடு எடுத்துவிடுங்கள். நீண்ட விடுமுறை வாரக்கடைசியில் வேகமாக ஓட்டிப் பிடிபட்டால் லைசென்ஸில் தண்டனைப் புள்ளி இரட்டையாக விழும். வாடகை வீட்டுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏஜென்ட் வந்து அடுப்படி வரைக்கும் போட்டோ எடுப்பார். எங்கள் ஏஜென்ட் புளிக்கறை பட்ட மேடையை மூன்று கோணத்தில் எடுத்தார். பள்ளிக்கூடத்தில் தொப்பி இல்லை என்றால் விளையாட விடமாட்டார்கள். “நான் ஏற்கெனவே கறுப்புதானே, எனக்கு எதுக்கு?” என்று டீச்சரிடம் வாதாடிப் பார்த்தாள் மகள். எடுபடவில்லை.

நல்லதும் உண்டு. லெஸ்டரில் ஜன்னலோரம் வைத்த கறிவேப்பிலை எந்தக் குளிர்காலத்தையும் தாண்டியதில்லை. இங்கே கொல்லையில் மண்ணில் நிற்கிறது. தமிழ்க்காரர் ஒருவர் கொடுத்த முருங்கைப் போத்து இரண்டாம் வருடமே காய்த்தது. நேர வித்தியாசமும் ஊருக்கு இரண்டரை மணிதான், அம்மாவோடு பேசக் கணக்குப் போடவேண்டியதில்லை.

2020 மார்ச்சில் நாட்டின் எல்லையை மூடினார்கள். மேற்கு ஆஸ்திரேலியா தன் மாநில எல்லையையும் மூடியது, முழுசாகத் திறந்தது 2022 மார்ச் 3-ஆம் தேதி. 2021 பிப்ரவரியில் டார்பியில் பக்கத்து வீட்டம்மாவின் அக்கா இறந்தார். கல்யாணமானவர் என்பதால் அன்று கப்பலேறாமல் அங்கேயே நின்றுவிட்டவர். அடக்கம் அங்கே காலை பதினொரு மணிக்கு, இங்கே சாயங்காலம் ஏழு. எங்கள் சாப்பாட்டு மேஜையில் என் பையனின் டேப்லெட்டை சொம்பில் சாய்த்து வைத்துப் பார்த்தோம். கருப்புக் கவுன், முத்துமாலை, லிப்ஸ்டிக் எல்லாம் போட்டு வந்திருந்தார். தேவாலயத்துக் கேமரா ஓர் ஓரமாக மாட்டியது, தெரிந்ததெல்லாம் பின்னந்தலைகள். “அந்த நரைமுடி யாரு, டக்? என் தம்பியா பாரு” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு எப்படித் தெரியும்? ஆமாம், அவர்தான் என்றேன்.

எங்கள் பகுதியில் பிரிட்டிஷ் சாமான் கடை ஒன்று இருக்கிறது. பன்றிக்கறி அடைத்துச் சுட்ட ‘பை’ பலகாரம், யார்க்‌ஷையர் டீ, ரொட்டியில் தடவுகிற அந்த ஊர் மார்மைட். மார்மைட் பேர் இங்கே வேறொரு கம்பெனி கையில் இருப்பதால், அதே பாட்டில் ‘அவர் மேட்’ என்று பேர் மாற்றி வருகிறது. அந்த வரிசையில் நின்றால் வந்தவர்கள் கதையெல்லாம் காதில் விழும். பேரப்பிள்ளைகளுக்காக வந்த ஒரு தாத்தா, தன் பிரிட்டிஷ் பென்ஷன் இங்கே வந்த நாளிலிருந்து ஒரு பென்னிகூட ஏறவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தார். ஆஸ்திரேலியாவில் இருப்பவர்களுக்கு அந்த நாட்டு அரசு பென்ஷனை உயர்த்துவதில்லை. ஸ்பெயினுக்குப் போயிருந்தால் வருஷா வருஷம் ஏறியிருக்கும்.

2024-இல் எங்களுக்குக் குடியுரிமை வந்தது. இருபது கேள்வித் தேர்வு, அப்புறம் கவுன்சில் மண்டபத்தில் உறுதிமொழி. மேயர் கைகுலுக்கி ஆளுக்கொரு கங்காரு பா செடி கொடுத்தார். போட்டோ எடுக்கிறேன் என்று பக்கத்து வீட்டம்மாவும் கூட வந்தார். கார் வரைக்கும் நடக்கும்போதுதான் தெரிந்தது, அறுபது வருடமாக இங்கே இருந்தும் அவர் குடியுரிமை வாங்கவே இல்லை. 1984 ஜனவரிக்கு முன்பே வாக்காளர் பட்டியலில் இருந்த பிரிட்டிஷ்காரர்கள் குடிமக்கள் ஆகாமலே ஓட்டுப் போடலாம். அவர் இருபத்தொரு வயதிலிருந்து போட்டுக்கொண்டிருக்கிறார்.

“அப்போ நான் ஆஸ்திரேலியன், நீங்கதான் வெளிநாட்டுக்காரி” என்றேன். “உங்களுக்கும் ஒரு ஃபாரம் வாங்கிட்டு வரட்டுமா?”

செடியை மடியில் வைத்துக்கொண்டு சீட் பெல்ட்டைத் தேடிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

“எதுக்கு, டக்? எங்கப்பா அப்பவே இருபது பவுண்டு கட்டியாச்சு.”