எல்லாக் கட்டத்திலும் ஒரே டிக்

பள்ளி மாணவர்களின் அறிவியல் ஆர்வத்தை வளர்ப்பது பற்றிப் பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வு செய்தேன். ஆறு ஆண்டுகள் இழுத்தது. அதில் பாதியைத் தின்றது ஒரு வினாத்தாள்.

ஆர்வத்தை அளக்க எங்கள் துறையில் எல்லோரும் எடுப்பது லிக்கர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1932இல் கொடுத்த முறையைத்தான். ஒரு கூற்று, அதற்கு எதிரே 'முற்றிலும் உடன்படுகிறேன்' முதல் 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை ஐந்து கட்டங்கள். அறுபது கூற்றுகள் எழுதி, பேராசிரியர்களிடம் ஏற்புடைமை வாங்கி, முன்னோட்டமாக ஓர் எட்டாம் வகுப்பில் கொடுத்தேன். பத்தே நிமிடத்தில் ஒரு பையன் தாளை நீட்டினான். மேலிருந்து கீழ்வரை முதல் கட்டத்திலேயே டிக். 'அறிவியல் வகுப்பு எனக்குப் பிடிக்கும்': முற்றிலும் உடன்படுகிறேன். 'அறிவியல் வகுப்பு எப்போது முடியும் என்று காத்திருப்பேன்': அதற்கும் முற்றிலும் உடன்படுகிறேன். "எல்லாம் சரி போட்டுவிட்டேன், மார்க் எவ்வளவு சார்?" என்றான்.

தவறு அவனுடையதல்ல. வகுப்பாசிரியர் கதவருகே நிற்க, சட்டையில் பேனா செருகிய ஒருவர் அச்சடித்த தாளைக் கொடுத்தால் அது தேர்வுதானே? அறிவியல் பற்றி மாணவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ஆஸ்லோவிலிருந்து நடத்தப்பட்ட 'ரோஸ்' ஆய்வு அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுமார் 40 நாடுகளின் 15 வயது மாணவர்களிடம் கேட்டதில், உகாண்டா, கானா பிள்ளைகள் அறிவியல் வகுப்புக்கு அள்ளிக் கொடுத்தார்கள். நார்வே, ஜப்பான் பிள்ளைகள் கிள்ளிக் கொடுத்தார்கள். டிக் ஒன்றுதான், அதன் பொருள் ஊருக்கு ஊர் வேறு.

கூற்றுகளை மாற்றினேன். 'அறிவியல் முக்கியமானது' என்பதை யார் மறுப்பார்கள்? அதை எடுத்துவிட்டு, 'பாடத்தில் இல்லாத ஒரு கேள்வியைப் போன வாரம் யாரிடமாவது கேட்டேன்' என்று செய்கையைக் கேட்டேன். தாளில் பெயருக்குப் பதில் எண் போடச் சொன்னேன். எந்தக் கூற்று ஆர்வமுள்ளவரையும் இல்லாதவரையும் பிரித்துக் காட்டுகிறது, கூற்றுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று கணக்கிட்டதெல்லாம் கணினி வேலை. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அனுமதி பற்றி மட்டும் ஒரு வார்த்தை: முதன்மைக் கல்வி அலுவலரின் கடிதத்துக்கு ஜூனிலேயே விண்ணப்பியுங்கள். அரையாண்டுத் தேர்வு நெருங்கினால் எந்தத் தலைமையாசிரியரும் பாடவேளை தரமாட்டார். நான் அப்படியே ஓராண்டைத் தொலைத்தேன்.

முதன்மை ஆய்வு வேறு பள்ளியில் நடந்தது. ஒரு பிரிவுக்கு வழக்கமான பாடம், இன்னொன்றுக்குப் பத்து வாரம் செயல்பாடுகள். மஞ்சள் தடவிய தாளில் சுண்ணாம்புத் தண்ணீரைச் சொட்டியதும் சிவந்தது. வாய் திறக்காத ஒரு மாணவி எழுந்து, "ஆரத்தித் தண்ணீர் சிவப்பது இதனால்தானா சார்?" என்றாள். அன்றைக்கு நான் எழுதி வைத்திருந்த பாடத்திட்டம் அத்தோடு போயிற்று. மறுநாளே வகுப்பில் ஒரு கேள்விப் பெட்டி வைத்தேன்.

பத்து வாரத்துக்கு முன்னும் பின்னும் அதே வினாத்தாளைக் கொடுத்திருந்தேன். பின்தேர்வில் அவளுடைய மதிப்பெண் முன்தேர்வைவிடக் குறைந்திருந்தது! குழுவின் சராசரி ஏறியிருந்ததால் நெறியாளர் கவலைப்படவில்லை. எனக்குத் தூக்கம் போயிற்று. தாள்களை அருகருகே வைத்துப் பார்த்தேன். முன்தேர்வில் எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருந்தவள், பின்தேர்வில் 'அறிவியல் புத்தகத்தை விரும்பிப் படிப்பேன்' என்பதற்குத் துணிந்து 'மறுக்கிறேன்' போட்டிருந்தாள். அவளை விலக்காமல் அப்படியே எழுதினேன். பெட்டியில் விழுந்த சீட்டுகளைப் பின்னிணைப்பில் சேர்த்தேன்.

வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் அட்டவணைகளை இரண்டு நிமிடத்தில் தாண்டிவிட்டுப் பின்னிணைப்பில் நின்றுவிட்டார். ஒரு சீட்டைச் சத்தமாகப் படித்தார்: "வெற்றிலை போட்டால் வாய் சிவப்பதும் சுண்ணாம்பால்தானா?" பதில் என்ன என்று என்னைப் பார்த்தார். சுண்ணாம்பு மட்டும் போதாது, பாக்கும் வேண்டும் என்றேன். பாட்டியின் வெற்றிலைப் பெட்டியை வைத்து அந்த மாணவியே சோதித்துப் பார்த்து வந்து சொன்னது அது.