ராணுவப் பயிற்சி மான் வேட்டைக்கு எவ்வளவு உதவும்?

துப்பாக்கி பிடிப்பதற்கு நன்றாகவே உதவும். அமெரிக்கத் தரைப்படையின் துப்பாக்கித் தேர்வில் 50 முதல் 300 மீட்டர் வரை திடீரென எழும் 40 இலக்குகள். 23-ஐ வீழ்த்தினால் தேர்ச்சி. மூச்சை அடக்கி விசையை நிதானமாக அழுத்தும் பழக்கம் அங்கேயே ஊறிவிடும்.

ஆனால் குறிவைக்கும் இடம் மாறுகிறது. படையில் உடலின் நடுவே சுடப் பழக்குவார்கள். அமெரிக்காவில் பரவலாக வேட்டையாடப்படும் வெள்ளைவால் மானை அப்படிச் சுட்டால் குடல் கிழியும். பல மணி நேரம் துடித்துச் சாகும், பெரும்பாலும் கைக்கும் கிடைக்காது. அந்தக் கொடுமை தேவையே இல்லை. பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, உடலின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குறிவையுங்கள்: இதயமும் நுரையீரலும் அங்கேதான். முழு உலோக உறையிட்ட தோட்டா வேண்டாம். விரியாமல் துளைத்துப் போய்விடும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் வேட்டைக்கு அதற்குத் தடையும் உண்டு.

அடுத்தது காற்று. படையில் தோட்டா விலகுமே என்று காற்றைக் கணிப்பார்கள். வேட்டையில் நம் வாடை மானை எட்டக்கூடாது. உருமறைப்பு உடையைவிட இது முக்கியம்.

சுட்டதும் பாய்ந்து ஓடாதீர்கள். நுரை கலந்த இளஞ்சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரல். அரை மணி பொறுங்கள். பச்சை நிறமும் நாற்றமும் இருந்தால் குடல். ஆறு மணி நேரமாவது விட்டுத் தடம் பிடியுங்கள்.